கடை திறந்திருக்கிறது

நாற்பத்தைந்து நாள் என்று சொல்லி
ஆனியில் வீதியை வெட்டினார்கள்.
குழாய் வந்தது. குழாயைக் கோக்கும் வளையம் வரவில்லை.
வளையம் வந்தபோது
அதை மாட்டத் தெரிந்தவர்
தங்கச்சி கல்யாணத்துக்கு
கயாவுக்கு ரயிலேறியிருந்தார்.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.
உடுமலையில் ஆடி என்றால்
பாலக்காட்டுக் கணவாயில் கிளம்பிய காற்று
ஒறம்பரையாட்டம் வந்து
ஒரு மாசம் தங்குவது.
இந்த வருசம் வெறுங்கையோடு வரவில்லை.
வீதியையே அள்ளிக்கொண்டு வந்தது.

என்னுடையது மேட்சிங் சென்டர்.
நூற்றுப் பதினாறு நிறத்தில் லைனிங் துணி,
அத்தனைக்கும் ஃபால்ஸ், அத்தனைக்கும் நூல்.
மாம்பழ மஞ்சளுக்கும் சந்தன மஞ்சளுக்கும் நடுவில்
இன்னும் இரண்டு மஞ்சள் உண்டென்று தெரிந்தவள்தான்
இந்தத் தொழிலில் நிற்க முடியும்.
பதினெட்டாம் பெருக்குக்கு முன்பே
நூற்றுப் பதினாறும் ஒரே நிறமாகிப் போயின.
அந்த நிறத்தில் மட்டும்
யாரும் சேலை கொண்டு வருவதில்லை.

வீதி நடுவே சாக்கடைக் குழாய்க்கு ஆளுயரப் பள்ளம்.
வாசலில் மழைநீர் வடிகாலுக்கு இன்னொன்று, நாலடி.
'கடைகளுக்கு வழிவிட்டே பணி நடைபெறும்'
நகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது,
பள்ளத்துக்கு அக்கட்டால்.
கண்ணாடி போட்டுத்தான் படித்தேன்.

சென்ட்ரிங் பலகை ஒன்று எடுத்தேன்.
நாச்சிமுத்து ஒரு நாளைக்கு இருபது ரூபாய் வாடகை சொன்னார்.
அட்டையில் எழுதிக் கட்டினேன்:
கடை திறந்திருக்கிறது.
அடியில் சின்னதாக:
ஒவ்வொருத்தராக வரவும்.
ஒருத்தரும் வராத மத்தியானங்களில்
அந்த இரண்டாம் வரியை
நான் பார்க்காமலிருக்கப் பழகினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை வியாபாரம்
கொக்கி அட்டை ஒன்று. பதினைந்து ரூபாய்.
பலகைக்கு இருபது.

நகைக்கடை ஷட்டரை இறக்கிவிட்டுக் கோயமுத்தூர் கிளைக்குப் போனது.
பேக்கரி, பள்ளம் தோண்டுகிறவர்கள் குடித்த டீயில் நின்றது.
எனக்கு அவர்களால் ஆவது ஒன்றுமில்லை.
கடப்பாரைக்கு மேட்சிங் கேட்பார்களா?

எதிர்க்கடை ராக்கியண்ணனுடையது. அதுவும் மேட்சிங்தான்.
ஐநூறு ரூபாய் கூடக் கொடுத்து
என் கடைப் பெண்ணை அவர் இழுத்துக்கொண்ட நாளிலிருந்து
ஒன்பது வருசம் பேச்சில்லை.
அவரிடம் இருக்கும் நிறத்தை யாராவது கேட்டால்
'அந்தக் கலர் இப்போ வர்றதேயில்லீங்க' என்பேன்.
அவரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின நாள்
கொமரலிங்கத்திலிருந்து ஒரு பெண்,
இடுப்பில் பிள்ளை, கையில் சேலை.
பலகை நடுவில் ஒருதரம் நின்று, மூச்சுப் பிடித்து
வந்து சேர்ந்தாள்.
மயில்கழுத்து கேட்டாள்.
என்னிடம் இல்லை.
எதிர்ப்பக்கம் போக
பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்ற வேண்டும்.
அவள் செருப்பைப் பார்த்தேன். ஒரு வார் அறுந்திருந்தது.

'ஏனுங்க... மயில்கழுத்து இருக்குதுங்களா?'

ராக்கியண்ணன் பதில் சொல்லவில்லை, உள்ளே போனார்.
சரிதான் என்று திரும்பும்போது
ஒரு துணிச் சுருள் பறந்து வந்தது.
காற்று அதைப் பாதியில் பிரித்துவிட்டது.
குழாய்மேல் நின்ற பையன் எம்பிப் பிடித்தான்.
மஞ்சள் ஹெல்மெட்டின் மேல்
முக்கால் மீட்டர் மயில்கழுத்து.
அந்தப் பெண்ணின் பிள்ளை கை தட்டியது.

மறுநாள் அக்கட்டாலிருந்து குரல்:
'வெங்காயத் தோல் ரோஸ்! ஒரு மீட்டர்!'
நான் கல்லை வைத்துக் கட்டி எறிந்தேன்.

கணக்கு இன்னும் தீரவில்லை.
அவர் நாற்பது ரூபாய் தரவேண்டும்.
இல்லை, நான்தான் தரவேண்டும் என்கிறார்.

தையில் ரோடு முடிந்தது.
பழசைவிட ஒன்றேகால் அடி உயரம்.
முன்பு இரண்டு படி ஏறி வருவார்கள் என் கடைக்கு;
இப்போது இறங்கி வருகிறார்கள், மழையும் சேர்த்து.
ரோட்டுக்கும் வாசலுக்கும் நடுவே
அதே பலகையைச் சரித்துப் போட்டிருக்கிறேன்.
நாச்சிமுத்து இன்னும் இருபது வாங்குகிறார்.

அட்டையைக் கழற்றவில்லை.
இரண்டாம் வரியை மட்டும்
அடித்துவிட்டேன்.